நூற்று ஐம்பத்தெட்டு

புது மானிட்டர் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் அதன்மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பிரிப்பதே இல்லை. தூசு படியாமல் இருக்குமாம். மீதிப்பேர் தாளைப் பிரித்துவிடுவார்கள், ஆனால் விநாடிக்கு 240 தடவை படம் மாறும் திரையை வாங்கிவந்து, கம்ப்யூட்டரில் அதற்கான இடத்தைத் தொடாமலே விட்டு, 60 தடவையிலேயே வருஷக்கணக்காக ஓட்டுவார்கள். சரஸ்வதிபுரத்தில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். மூன்று வருஷம் அப்படி ஓட்டிவிட்டு, வருகிற பேஷண்டையெல்லாம் மாடிக்குக் கூட்டிப்போய் "எவ்வளவு வழவழன்னு ஓடுது பாருங்க" என்று காட்டிக்கொண்டிருந்தார். நான் போய் 240க்கு மாற்றிய அன்று அவர் மனைவி சிரித்த சிரிப்பை டாக்டர் இன்னும் மறக்கவில்லை. நானும் யாரையும் மறக்க விடவில்லை.

நீங்கள் அந்த ரகம் இல்லை, மனோஜ்குமார் தம்பி. பெங்களூரு கேம் டீமிலிருந்து வந்து, எதிர்வீட்டில் ஜோவிதாவின் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸை இடமும் வலமுமாக நாலு தடவை இழுத்தீர்கள். நெற்றி சுருங்கியது. திரைக்குப் பின்னால் கையை விட்டுத் தடவி, செட்டிங் மாற்றுகிற குமிழின்மேல் நான் ஒட்டியிருந்த டேப்பைப் பிரித்தீர்கள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. காபி ஆறுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள். நம் பேச்சு அவ்வளவு நீளமில்லை.

எதற்காக என்று கேட்டீர்கள். சொல்கிறேன். என்னிடம் விஷயத்தை வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை. இந்த லஷ்கர் மொஹல்லாவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

நான் அக்ரஹாரத்தில் ஒரு கல்யாண ஆல்பம் லேபில் பத்தொன்பது வருஷம் இருந்தேன். திரையில் தெரிகிற நிறமும் தாளில் அச்சாகிற நிறமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மணப்பெண்ணின் அரக்குப் புடவை கத்தரிப்பூ நிறத்தில் வந்துவிட்டால் இரண்டு வீட்டுக்காரர்களும் வந்து நிற்பார்கள். திரையில் தொங்கவிட்டு நிறத்தை அளக்க எலிக்குஞ்சு அளவில் ஒரு கருவி உண்டு. அதை வைத்துச் சரிசெய்து, மானிட்டரின் குமிழின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்து வைப்பேன். சுலோசனா ஒட்டிய டேப்பை முதலாளிகூடப் பிரிக்கமாட்டார். அது லேபின் வழக்கம். லேபை மூடியபோது கருவியை எனக்கே கொடுத்துவிட்டார்கள். அதன்பிறகு வீடு வீடாகப் போய்ச் செய்கிறேன். முதலில் ஸ்டூடியோக்காரர்கள் கூப்பிட்டார்கள், அப்புறம் கேம் ஆடுகிற பிள்ளைகள். வீட்டுக்குள் போய் ஒரு மணி நேரம் உட்கார அனுமதி கிடைக்கிற தொழில். எனக்கு வேறென்ன வேண்டும்.

ஜோவிதாவின் அப்பா கொர்னேலியஸை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ரயில்வே பட்டறையில் வேலை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் ஸ்கூட்டரில் சாவியைப் போட முடியாமல் மூன்று தடவை தவறவிட்டார். நான் இந்த ஜன்னலில்தான் இருந்தேன். "கொர்னேலியஸ் கையில என்னமோ இருக்குது" என்று தெருவில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. அவர் மனைவி ஹில்டா ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவளுக்கே தெரியவில்லை. தெருக்கோடி மாவு மில்லில் யாரோ அவளிடம் துக்கம் விசாரிக்கிற மாதிரி கேட்டபோதுதான் தெரிந்தது. நரம்பு நோய். இரண்டரை வருஷத்தில் ஆள் போய்விட்டார். பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். முதலில் பார்த்தது நான். ஹில்டா அதற்காக ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு அந்த வீட்டில் நாற்காலி உண்டு. அவர்கள் தமிழ்ப் பூசை முடிந்து பதினோரு மணிக்கு வருவார்கள், நான் கருவியோடு போவேன். ஜோவிதா கேம் அவ்வளவு நன்றாக ஆடுகிறாள் என்று எனக்குத்தான் முதலில் தெரியும். திரையைச் சரிபார்த்ததும் அவளுக்கு ஒரு சோதனை வைப்பேன். உங்களுக்குத் தெரிந்ததுதான்: திரை சிவப்பாக இருக்கும், பச்சையானதும் அழுத்தவேண்டும். அவள் எண் நூற்று ஐம்பத்தெட்டு மில்லி விநாடி. வாரம் தவறாமல் ஐம்பத்தெட்டு, அறுபது, ஐம்பத்தேழு. ஹில்டா சமையலறையிலிருந்து "எத்தனடி?" என்று கேட்பாள். இவள் எண்ணைக் கத்துவாள். ஆளுக்கொரு துண்டு கேக்.

போன பிப்ரவரியில் தேவராஜ மார்க்கெட்டில் பூ வாங்கப் போனேன். பூக்கடை கௌரம்மா மாலையைக் கட்டிக்கொண்டே, "உங்க எதிர்மனை ஹுடுகி, அந்தப் பொண்ணு, பெங்களூரு போறாளாமே, டீம்ல சேத்துக்கப் போறாங்களாமே. மாதாவுக்கு மாலை சொல்லிட்டுப் போனாங்க" என்றாள். கௌரம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "நிமகே கொத்தில்வா அக்கா?"

உங்களுக்குத் தெரியாதா, என்று கேட்டாள். என்னை. பக்கத்தில் கறிவேப்பிலை விற்கிறவன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

கோபப்பட்டேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கோபமில்லை. அடுத்த ஞாயிறு வழக்கம்போலப் போனேன். அவர்களாகச் சொல்வார்கள் என்று ஒரு மணி நேரம் கொடுத்தேன். திரையை அளந்தேன், கேக் சாப்பிட்டேன், பாதிரியாரின் சளியைப் பற்றிக்கூடப் பேசினோம். ஜோவிதா உள்ளே தட்டை வைக்கப் போனபோது ஹில்டா குரலைத் தாழ்த்திச் சொன்னது காதில் விழுந்தது.

"சுலோசனாக்கா காதுல மட்டும் போட்றாத. போட்டா சாயங்காலத்துக்குள்ள கே.ஆர். சர்க்கிள் வரைக்கும் போயிரும்."

"சும்னே இரு மம்மி, கேக்கப் போவுது."

"கேட்டா கேக்கட்டும். அந்தக் கண்ணு பட்டுத்தான் உங்கப்பா போனாரு."

ஹில்டா சொன்னதில் ஒரு தப்பு இருக்கிறது. சாயங்காலம்வரை ஆகாது, மதியத்துக்குள் போய்விடும். அவர்கள் வெளியே வருவதற்குள் டேப்பைப் பிரித்து, குமிழை அழுத்தி, ஒரே ஒரு இடத்தை மாற்றினேன். புது டேப் ஒட்டித் தேதி போட்டேன்.

இருட்டை எவ்வளவு வெளிச்சமாகக் காட்டுவது என்று ஒரு அளவு இருக்கிறதல்லவா, அதில் இரண்டு படி குறைத்தேன். அவ்வளவுதான். கேமில் இருட்டு மூலையில் நிற்கிற ஆள் இருக்கத்தான் செய்வான், கொஞ்சம் கழித்துத் தெரிவான். அடுத்த வாரம் ஓவர்டிரைவில் ஒரு படி. பழைய படத்தைத் துடைக்கிற வேகம் குறைந்தால் ஓடுகிற ஆளுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு வால் இழுபடும். வாரம் ஒரு படி என்றால் யார் கண்ணும் கண்டுபிடிக்காது; நிறத்திலேயே பிழைத்தவள் சொல்கிறேன். மார்ச் கடைசியில் தாமதக் குறைப்பை அணைத்தேன். அதை அணைத்தால் மானிட்டர் ஒவ்வொரு படத்தையும் ஒரு கணம் தன்னிடம் வைத்திருந்து பார்த்துவிட்டுத்தான் நமக்குக் காட்டும். ஹில்டாவின் குணம். கம்ப்யூட்டரைக் கேட்டால் 240 என்றுதான் சொல்லும். அது பொய்யுமில்லை.

அந்த ஞாயிறு பச்சை வந்தபோது அவள் எண் நூற்று எழுபத்தேழு.

ஒன்றைக் கவனியுங்கள் தம்பி, நான் பொய் சொல்லவே இல்லை. அந்தச் சோதனை திரையின் தாமதத்தையும் கையின் தாமதத்தையும் சேர்த்துத்தான் அளக்கும். அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அவள் அதைத் தன் கையின் எண் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு வருஷமாக நாங்கள் மூன்று பேரும் அப்படித்தான் பேசிவந்தோம். "கை இன்னிக்கு எத்தன?" என்றுதான் ஹில்டாவே கேட்பாள். நான் திருத்தவில்லை.

"ஆன்ட்டி, மானிட்டர்ல ஏதாவது?" என்று கேட்டாள். கருவியைத் தொங்கவிட்டு அளந்து காட்டினேன். நிறம் அத்தனையும் சரி. அது நிறத்தை அளக்கிற கருவி, நிறத்தைத்தான் சொல்லும்.

"நிறமெல்லாம் தங்கமாட்டம் இருக்குது கண்ணு. நீ சரியா தூங்கறியா?" என்றேன்.

அம்மாவின் போனை வாங்கி அதில் சோதித்தாள். இருநூற்றுப் பத்து. போன்கள் அப்படித்தான் காட்டும், தொடுதிரை மந்தம். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பார்த்தேன். வலது கையை, கொஞ்ச நேரம். வேறெதுவும் செய்யவில்லை. பிறகு ஹில்டாவிடம், "கொர்னேலியஸுக்கு மொதல்ல எந்தக் கை?" என்று கேட்டேன். ஒரு பக்கத்துவீட்டுக்காரி கேட்கிற சாதாரணக் கேள்வி. ஹில்டா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

இதற்குமேல் நான் குமிழைத் தொடவேயில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். நான் எடுத்தது பத்தொன்பது மில்லி விநாடி. ஏப்ரலில் அவள் எண் நூற்று எண்பத்து மூன்று, புனித வாரத்தில் எண்பத்தெட்டு. அதெல்லாம் அவளாகச் சேர்த்தது. பச்சை வருமா வருமா என்று பயந்து உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பச்சை எப்படித் தெரியும். மே மாதம் உங்கள் தேர்வு ஆட்டங்கள். உங்கள் குரல் ஸ்பீக்கரில் வந்தது, நான் ஹாலில் வெண்டைக்காய் நறுக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். "கார்னர்ல லேட்டா பாக்கற ஜோவி, கைக்கு என்னாச்சு?" என்றீர்கள். நீங்களும் திரையைக் கேட்கவில்லை தம்பி, கையைத்தான் கேட்டீர்கள். அதை நினைவுபடுத்துவதற்காகச் சொல்கிறேனே தவிரக் குறையாக இல்லை.

பெங்களூரு நின்றுபோனது. அந்தச் செய்தியை என்னிடம் மறைக்கவில்லை. என் மடியில் தலைவைத்துத்தான் அழுதாள். பிறகு ஆஸ்பத்திரி. நரம்பில் ஊசி குத்தி மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். ஒன்றுமில்லை என்பது அந்த வீட்டில் யார் காதிலும் விழவில்லை, ஆறு மாதம் என்பதுதான் விழுந்தது. ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்தினாள். சாமராஜநகரிலிருந்து கேட்டு வந்த ஒரு நல்ல சம்பந்தத்தை, "எங்கப்பாவ பாத்துக்கிட்ட மாதிரி என்னை யாரும் பாத்துக்க வேணாம்" என்று அவளே வேண்டாமென்றாள். இருபத்து மூன்று வயது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. தெருவில் நான்கைந்து பேரிடம் சொல்லி வருத்தப்பட்டேன்.

நவம்பரிலிருந்து தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறாள். தட்டில் வைக்கும்போது கோப்பை கடகடவென்று ஆடும். அதற்குத் திரையும் இல்லை, குமிழும் இல்லை.

பழையபடி மாற்றி வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தேன். ஆனால் திடீரென்று எண் இறங்கினால் கேள்வி வரும். அதோடு, சொன்னால் சிரிப்பீர்கள், அந்த எட்டு மாதமும் அந்த வீட்டில் என்னிடம் மறைக்க ஒன்றுமே இருக்கவில்லை. ரிப்போர்ட் வந்தால் உறையைப் பிரிக்காமல் என்னைக் கூப்பிடுவார்கள். ஹில்டா நைட் டியூட்டிக்குப் போகும்போது, "அக்கா, கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். கண் படும் என்று சொன்ன அதே ஹில்டா. கௌரம்மா இப்போது என்னைக் கேட்டுத்தான் எதையும் தெரிந்துகொள்கிறாள்.

சரி. முழுதாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சுற்றிவளைத்துக் கேட்கவேண்டாம். ஜோவிதாவின் திரையை வேண்டுமென்றே மந்தமாக்கியது நான். அவள் கையில் நோய் இருப்பதாக அவளை நம்பவைத்தது நான். அவள் போகக்கூடாது என்பதற்காகச் செய்தேன். போகப்போவதை எனக்குச் சொல்லாமல் போகக்கூடாது என்பதற்காக என்று போட்டுக்கொண்டால் இன்னும் சரியாக இருக்கும்.

அதோ, எதிர்ப்பக்கம் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குக் கீழே நிற்கிறாள். இன்னும் அதைக் கழற்றவில்லை. முன்பெல்லாம் ஸ்டூல் போட்டு ஏறி அவள்தான் கழற்றுவாள். அவளிடம் நீங்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை. "சின்ன செட்டிங்தான்" என்றீர்கள், அவளும் தலையாட்டினாள். போய்ச் சொல்லுங்கள். உங்களுக்கு முந்திக்கொண்டு நான் சொல்லமாட்டேன். இந்த ஒரு செய்தி பிறர் வாயால் போகட்டும்.

ஆனால் போவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். டேப்பைப் பிரித்து மூன்று இடத்தையும் நீங்களே சரிசெய்தீர்கள். திரை முதல்நாள் வாங்கியபோது இருந்த மாதிரி ஆகிவிட்டது. பிறகு அவளை உட்காரவைத்து மூன்று தடவை பச்சை காட்டினீர்கள். நான் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூற்றொன்று. தொண்ணூற்று நாலு. மறுபடி தொண்ணூற்றொன்று. அந்த எண்ணில் என் பங்கு ஒரு மில்லி விநாடிகூட இல்லை. நீங்கள் எழுந்து தெருவைத் தாண்டி இங்கே வந்தீர்கள்.

கொர்னேலியஸ் விஷயத்திலும் தெருவில் ஒருவரும் என்னை நம்பவில்லை. இவள் கையில் என்னமோ இருக்கிறது என்று எல்லோருக்கும் முன்னால் பார்த்தது நான்தான் தம்பி. என்ன, இந்தத் தடவை கொஞ்சம் சீக்கிரமாகப் பார்த்துவிட்டேன்.