தாய்மாமன் கட்டிய குடிசை

என் பெயர் சந்திரகலா, வயது 38, கணவர் பெயர் அன்புசெல்வன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்புறம் வாடகை வீட்டில் குடியிருந்து, ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறேன். ஒரே மகள், எட்டாம் வகுப்பு. அவள் பெயரை இதில் எழுத வேண்டாம் என்று இன்ஸ்பெக்டர் அம்மா சொன்னார்கள்.

என் தம்பி ஹேமநாத் அடுத்த தெருவில் இருக்கிறான். பள்ளி விட்டதும், நான் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை மகள் அவன் வீட்டில்தான் இருப்பாள். கூடப் பிறந்தவன் என்று நம்பி விட்டேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை மகள் பெரியவளானாள். எங்கள் வழக்கப்படி தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்ட, அதற்குள் பெண்ணை உட்கார வைக்க வேண்டும். ஹேமநாத் வாசலில் குடிசை கட்டி முடித்தான். அதன் பிறகு கூப்பிட்டபோது மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தாள். வெட்கப்படுகிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். "மாமா கட்னதுக்குள்ள போவ மாட்டேம்மா" என்று என் காதில் சொன்னாள்.

அதன் பிறகு உள்ளே அழைத்துப் போய்க் கேட்டதில், ஆறாம் வகுப்பிலிருந்து அவன் தன்னிடம் தவறாக நடந்துவருவதாகவும், வெளியே தெரிந்தால் மானம் போய் அம்மா தூக்கு மாட்டிக்கொள்வாள் என்று மிரட்டியதாகவும் சொன்னாள். என் உயிரைக் காப்பாற்றத்தான் குழந்தை இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு என் அம்மா அங்காளம்மாளிடம் சொன்னேன். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. "யாராண்டனா சொன்னியா? வெளிய தெரிஞ்சா இவள எவன் கட்டுவான்? சடங்கு முடியிற வரைக்கும் வாய மூடிக்கினு இரு" என்றார்.

நான் வாசலுக்குப் போய்க் குடிசையைப் பிடித்து இழுத்தேன். திருநின்றவூரிலிருந்து வந்திருந்த என் அக்கா மகள் ரம்யா, வயது 21, ஓடிவந்து மறுபக்கத்தைப் பிடித்து இழுத்தாள். "எனக்கும் இவர்தான் கட்னாரு சித்தி. நானும் உள்ள போவ மாட்டேன்னுதான் அழுதேன்" என்றாள்.

அன்றைக்கும் வெட்கம் என்றுதான் சிரித்தோம். அந்தச் சடங்கு வீடியோவில் என் சிரிப்புதான் பெரிதாகக் கேட்கும்.

ரம்யா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்து அவளையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
அ. சந்திரகலா