இரண்டு தட்டு

சாயங்காலம் ஆறு மணி. இறக்கத்துச் சாலை முடிகிற இடத்தில் ஒற்றை ஷெட். அதற்கு அப்புறம் ஒரு வீடு கிடையாது… கிட்ட வந்து உட்காருங்கள், கத்திச் சொல்கிற கதையில்லை இது. என் சிநேகிதியின் கொழுந்தனுக்கு நடந்தது.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் மெக்கானிக். ஒரு பழைய கார். பிரேக்குக்கு ஆயில் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் கசிந்து, கால் வைக்கிற இடமெல்லாம் ஆயில் பிசுபிசுப்பு. "புதுசு வாங்கி வச்சிருக்கேன், மாத்திடு" என்று தம்பியிடம் சொன்னார் அண்ணன். மறுநாள் அவரே அந்தக் காரை இறக்கத்தில் ஓட்டிப் போனார். பெடல் தரைவரைக்கும் போய்விட்டது, பிரேக் பிடிக்கவில்லை… அவர் திரும்பவில்லை. நசுங்கிய கார்தான் ஷெட்டுக்கு வந்தது.

"மாத்தினியா, இல்லையா?" என் சிநேகிதி மூன்று மாதமாகக் கேட்டது இது ஒன்றுதான்.

"மாத்தினேன் அண்ணி. அவர்தான் கண்மண் தெரியாம ஓட்டிட்டார்."

"செத்தவர் எழுந்து வந்து பேசமாட்டார்ங்கிற தைரியம்டா உனக்கு! நாளைக்கு வர்றேன். பிரிச்சுக் காட்டு. நானே மிதிச்சுப் பார்க்கணும்."

மறுநாள் சாயங்காலம், அவள் வருவதற்குள் அவன் அவசர அவசரமாகப் புதியதை மாட்டினான். மாட்டினால் போதாது, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க, கீழே படுத்திருப்பவர் காற்றுப் போகிற திருகாணியைத் திறந்து மூடுவார். அவர் "காலை எடு" என்று சொல்லும்வரை மேலே இருப்பவர் எடுக்கக் கூடாது.

தனியாக எப்படி? கீழே படுத்து முழித்துக்கொண்டிருந்தான். டப்… கார்க் கதவு சாத்திக்கொண்டது. வண்டி ஒரு பக்கம் லேசாகத் தாழ்ந்தது.

"வந்தாச்சா? வந்ததுக்கு மிதிங்க அண்ணி."

கதவில் இரண்டு தட்டு. டக்… டக்.

திறந்தான். ஆயில் பீறிட்டது. மூடினான். "காலை எடுங்க. மறுபடி மிதிங்க."

டக்… டக்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? பேசினா குறைஞ்சா போயிடுவீங்க?"

டக்… டக்.

அவனுக்கு வெறி வந்துவிட்டது. "ஆமா, மாத்தலை! சோம்பல் பட்டு ஆயிலை மட்டும் ஊத்தி அனுப்பினேன்! இப்பத்தான் மாட்டினேன்! போதுமா?"

பிறகு… வெளிக்கதவு கிறீச்சிட்டது. காருக்கு அடியிலிருந்து பார்த்தால், வாசலில் அண்ணியின் செருப்பு.

"அண்ணி… எப்ப இறங்கினீங்க?"

"நான் எப்படா ஏறினேன்?" அவள் உள்ளே வந்தாள். "எல்லாம் கேட்டுட்டுத்தான் நிக்கிறேன். அந்த ரெண்டு தட்டையும் கேட்டேன். 'சரி'ன்னு வாயால சொல்லாம அவர் ஒருத்தர்தானே அப்படித் தட்டுவார்?"

உருண்டு வெளியே வந்தான். இருக்கை காலி. பெடல் மட்டும் தரையோடு அழுந்தியிருந்தது.

"காலை எடுண்ணே…" பெடல் எழும்பவில்லை. "எடுண்ணே!"

"எடுக்காதீங்க" என்றாள் அவள், காலி இருக்கையைப் பார்த்து. "நாலு பேர் முன்னாடி இவன் உண்மையைச் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க."

அவன் இன்னும் சொல்லவில்லை. கார் அங்கேயேதான் நிற்கிறது. இருக்கை, ஸ்டியரிங் எல்லாம் விரல் கனத்துக்குத் தூசி. பெடலில் மட்டும்… ஒரு பாத அளவுக்குத் தூசியே படிவதில்லை.