கேமராவுக்கு அனுமதி இல்லை

அந்த பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது தம்பி. ரிப்பேர் பாக்க வந்த தலை நரைச்ச ஆளைத் தம்பிங்கறாளேன்னு பாக்காதீங்க, எனக்கு எழுபத்தொண்ணு. கம்ப்யூட்டர் எம்மகனோடது. எனக்குன்னு ஒரு மூலை ஒதுக்கிக் குடுத்திருக்கான். அதுல பாட்டு கேக்கலாம், நியூஸ் பாக்கலாம். மத்தபடி எதைத் தொட்டாலும் நிர்வாகி அனுமதி வேணும்னு ஒரு பெட்டி வந்து குறுக்க நிக்கும். நிர்வாகி அவன்தான்.

போன் போட்டுக் கேக்கறதா? கேக்கக் கூடாதுப்பா. அவனை ஜாமீன்ல விடும்போதே ஜட்ஜு சொல்லிட்டாரு, சாட்சிகிட்ட ஒரு வார்த்தை பேசினாலும் திரும்ப உள்ளதான்னு. சாட்சி யாரா? நாந்தான். வேற நாதி கிடையாது. மூணு மணிக்கு இந்தப் பொட்டிக்குள்ளதான், வீடியோவுல, கோர்ட் விசாரணை. முழங்கால்ல ஆபரேஷன், இறங்க முடியலைன்னு எழுதிக் கேட்டதுல, வீட்டிலேருந்தே பேசலாம்னுட்டாங்க. ஏற்கெனவே ரெண்டு தேதி வீணாப் போச்சு. இன்னிக்கும் என் மூஞ்சி அங்க தெரியலைன்னா, நான் சொல்ல வேண்டியது இல்லாமலே கேஸை முடிச்சிடுவாங்க.

மணி ரெண்டேகாலா? சரி, பாருங்க.

போன மாசம் ஓடுச்சே. இன்னிக்குக் காலையில லிங்கை அமுக்கினா, உங்க பிரௌசர் பழசு, அப்டேட் பண்ணுங்கங்குது. பண்ணப் போனா அனுமதி இல்லைங்குது. அணைச்சு அணைச்சுப் போட்டாச்சு. கீழ்வீட்டுக்காரர் வந்து, பழசை அழிச்சிட்டுப் புதுசு போடுவோம்னாரு. அழிக்கறதுக்கும் இவன்கிட்டத்தான் கையேந்தணும்னு தெரிஞ்சதும், காபி மட்டும் குடிச்சிட்டுப் போயிட்டாரு.

அப்படியா? பெட்டி வந்ததும் வேண்டாம்னு குடுத்தா, உனக்கு மட்டும் தனியாப் போட்டுக்கறியான்னு அதுவே கேக்குமா? அட, இது தெரியாம காலையிலேருந்து மல்லுக்கட்டறேனே. போடுங்க, போடுங்க.

ஏறி வரும்போது கைப்பிடி ஆடிச்சா? ஆமா, அந்தப் படிதான். பேப்பர்ல பாத்திருப்பீங்க. மருமக. இருபத்தொன்பது வயசு. பதினாலு படி, கடைசிப் படிக்கும் கீழ போய்க் கிடந்தா. கால் தவறிடுச்சுன்னு இவன் எழுதிக் குடுத்தான். அப்ப வீட்டுல இருந்தது நாங்க மூணு பேர்தான். போலீஸ்காரங்க என்னைக் கேட்டப்ப, நெஞ்சு படபடங்குது, கோர்ட்டுல சொல்றேன்னு தள்ளிட்டேன்.

வந்துடுச்சா? பரவாயில்லையே, பத்து நிமிஷம் கூட ஆகலை. லிங்கை அமுக்குங்க. ஆங், அந்தப் பக்கம்தான். என் சதுரம் ஏன் கறுப்பா இருக்கு? ஓ… புதுசு போட்டாலும் பழைய பதிலை ஞாபகம் வச்சிருக்கா.

பிளாக்னு இருக்குதானே? கேமரா, மைக் ரெண்டும். இருக்கும். யாரோ தெரியாம அமுக்கியிருக்காங்களா?

தெரியாம இல்ல தம்பி. நாந்தான் அமுக்கினேன். முப்பத்திரண்டு வருஷம் பெரியாஸ்பத்திரி டெலிபோன் போர்டுல உக்காந்தவ நான். ஒரு மெஷின் கேள்வி கேட்டா புரியாதா எனக்கு? போன தேதியில, கேமராவைத் திறக்கவான்னுச்சு. வேண்டாம்னேன். கிழவிக்குக் கம்ப்யூட்டர் தெரியலைன்னு அவங்களே நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். என்னதான் இருந்தாலும் பெத்தவ இல்லையா.

என்னைத்தான் அவங்களுக்குத் தெரியலை. எனக்கு எல்லாரும் தெரிஞ்சாங்க. ஜட்ஜு மூணு தடவை கூப்பிட்டாரு, அம்மா, கேக்குதா, அம்மான்னு. இதோ இந்த நாற்காலியில கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அவன் வக்கீல் எழுந்து, இவங்க இல்லாமலே முடிச்சிடலாம்னாரு. இவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தான். அப்ப எங்க சம்பந்தியம்மா எழுந்தாங்க. பொண்ணைப் பறிகுடுத்தவங்க. வயசானவங்க ஐயா, தனியா இருக்காங்க, மெஷினோட என்ன பாடு படறாங்களோ, இன்னும் ஒரு தேதி குடுங்கன்னாங்க. எனக்காகக் கெஞ்சினாங்கப்பா அந்த அம்மா. அதையும் இங்கேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தத் தேதிதான் இது.

அவ தவறி விழலை. மேல் படியில நின்னு கெஞ்சிக்கிட்டிருந்தா, இவன் தள்ளினான். நான் துணி மடிச்சிக்கிட்டிருந்தேன், வாசலுக்கு நேரா. ரெண்டு கையாலயும் தள்ளினான். அவ்வளவுதான், மூணு மணிக்கு அதைச் சொல்லணும்.

நீங்க ஏன் எழுந்துட்டீங்க, உக்காருங்க. ஒரே ஒரு சந்தேகம். அவனும் இதுல ஒரு சதுரத்துல இருப்பான். கம்ப்யூட்டர் அவன் பேர்ல இருக்கறதால, நான் பேச ஆரம்பிச்ச அப்புறம் அங்கேருந்தே என்னை நிறுத்த முடியுமா அவனால?

முடியாதா? நல்லாத் தெரியுமா?

சரி, கையை எடுங்க தம்பி. அனுமதி குடுக்கற அந்த அலோவை நானே அமுக்கறேன்.