இதுல ஹார்ன் இல்ல மாமா

பாத்து மாமா, தலையில இடிச்சுக்கப் போறீங்க. கன்டெய்னர் வாசல் குட்டையாத்தான் இருக்கும். ஸ்கூல் வேன எங்க நிறுத்துனீங்க? ஆன்டெனா கம்பத்த ஒட்டியா? நல்லவேளை, இடிக்கல. ஸ்கூலு லீவா இருக்கேன்னுதான் இன்னிக்கு வரச் சொன்னேன். மருமக என்ன வேல பாக்குறான்னு நீங்களும் பாக்க வேணாமா? அந்த சீட்டுல உக்காருங்க. அது கேமரா பாக்குறவர் சீட்டு, அவர டீ குடிச்சுட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன்.

ட்ரோனா? அது எப்பவோ கெளம்பிருச்சு. கரண்டு கம்பி எங்கயாவது தொய்ஞ்சு கெடக்கான்னு பாக்கப் போயிருக்கு. இந்த ஸ்கிரீன்ல மேப்பு, அதுல கேமரா. லிவரத் தள்ளுனா வேகம், குச்சிய சாய்ச்சா திரும்பும். இந்தா, திருப்புறேன். அது திரும்புனா நீங்க எதுக்கு மாமா சாயுறீங்க? சிரிக்கல, சிரிக்கல. மொத நாள் நானும் சாஞ்சவதான். ஆனா கால அப்படித் துழாவாதீங்க. மேஜைக்கடியில பிரேக்கு கெடையாது, பேட்டரிதான் இருக்கு. அத மிதிச்சீங்கன்னா என் பொழப்பு அம்போ.

ஹார்னா? நல்லாக் கேட்டீங்க போங்க. ஆகாசத்துல யாருக்கு ஹார்ன் அடிக்கிறது, காக்காய்க்கா? வேன் ஓட்டுற புத்தி போகுதா பாரு. இத்தன பட்டன் இருக்கு, ஹார்ன் மட்டும் இல்ல மாமா.

சிக்னல் போச்சுன்னாலும் பயமில்ல. அதுவே கெளம்புன எடத்துக்குத் திரும்பி வந்துரும். அந்த விஷயத்துல உங்க புள்ளைய விடத் தேவல. அவரு பத்து தடவ போன் போட்டாலும் வீட்டுப் பக்கம் வர மாட்டாரு.

சரி, இதப் பாத்துச் சொல்லுங்க. ரோட்டோரமா நிக்குதே, என்ன அது? மாடா? கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாருங்க. இப்பவும் மாடுதானா? வால் வேற ஆட்டுதா? மாமா, அது பைக்கு. பக்கத்துல ஒரு ஆளு துண்ட உதறிக்கிட்டு நிக்குறாரு.

ஸ்கிரீன் மங்கலா? போன மாசந்தான் புதுசா மாத்துனாங்க. கோவிச்சுக்காதீங்க, உக்காருங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு காட்டுறேன், கிட்ட வந்து பாருங்க. இது நேத்து சாயங்காலம் எடுத்தது, இதே ரோடுதான். அந்த மஞ்ச வேன் யாருதுன்னு தெரியுதா? ஆமா, பின்னாடிக் கண்ணாடியில நம்ம பாப்பா ஒட்டுன சூரியகாந்தி ஸ்டிக்கரு. நேத்து அப்பவே பெருசு பண்ணித்தான் நானும் கண்டுபிடிச்சேன். வண்டி கொஞ்சங்கொஞ்சமா எதிர்ப்பக்கம் போகுது பாருங்க. எதுக்க லாரி. லாரிக்காரரு சட்டுன்னு ஒடிச்சு மண்ணுல எறக்குனதால தப்பிச்சுது. அவரத்தான் நேத்து சாப்பிடுறப்ப வண்டி ஓட்டத் தெரியாதவன்னு திட்டித் தீத்தீங்க.

நான் உங்க மேல கோவமா இல்ல. வேற யாரும் பாக்க வேணாம்னுதான் கேமராக்காரரையே வெளிய அனுப்புனேன். உங்க புள்ளைக்கும் தெரியாது.

ட்ரோன் எறங்குனதும் நேரா கண்ணாஸ்பத்திரிக்குப் போறோம், சொல்லி வச்சுட்டேன். பொரை எடுத்துட்டா பழையபடி பைக்கு பைக்காத் தெரியும். அதுவரைக்கும் ஸ்கூலுக்கு வேற டிரைவர் பேசியாச்சு. வேன் சாவிய இப்படிக் குடுங்க, நான் ஓட்டுறேன்.

ஹார்ன் எங்கன்னு கேட்டப்ப சிரிச்சேன்ல? நேத்து இந்த சீட்டுல உக்காந்துகிட்டு, பாப்பா உள்ள இருக்காளேன்னு, என் கையும் அதத்தான் மாமா தேடுச்சு.