வீட்டாருக்கும் பழக்க வேண்டிய பயிற்சி

சத்திரசிகிச்சைக்குப் பிந்திய பயிற்சியை வீட்டார் ஒருவருக்கும் பழக்க வேண்டும் என்பது எங்கள் ஆஸ்பத்திரி விதி. அதை நாங்கள் பின்பற்றியிருந்தால், மூதூர்ப் படகுக்கு நின்ற வரிசையில் முன்னால் நின்ற இரு பெண்களின் கதை என் காதில் விழுந்திருக்காது.

"என்ர மனுசனுக்குக் கப்பல் கம்பி வெட்டின தொடையடி. தசை திரும்ப வளர, மிருகத் தசையில செய்த வலை மாதிரி ஒண்டை உள்ளுக்கு வச்சவை. காலை ஆட்டினாத்தான் வளருமாம். ஆஸ்பத்திரிப் பயிற்சிக்காரப் பிள்ளைதான் பிடிச்சு ஆட்டுறா."

"நல்லதுதானே அக்கா?"

"நான் தொட்டா நோகுதாம். அவ தொட்டாச் சிரிக்கிறார். எனக்கும் பழக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தனான்."

"பதில் வரேல்லையோ?"

"வந்தது, என்னை வந்து பழகச் சொல்லி. போன வெள்ளிக்கிழமை. அவர் முதல்முதல் தனிய நடந்துபோய், அவவுக்கு இனிப்புத் தொதல் குடுத்த அண்டைக்கு."