ராணிக்கு விக்கல்

— இதையும் கேளுங்க. "ராணி கோவப்பட்டா எதிரி ஓடுறானோ இல்லையோ, எங்க வீட்டுப் பூனை ஓடிடுது." எழுநூறு பேர் சிரிச்சிருக்காங்க.

— காலங்காத்தால உனக்கு இது தேவையா? போனைக் கீழ வை. சீரியல் ரசிகர் குரூப்புன்னா நாலு பேர் கலாய்க்கத்தான் செய்வான்.

— நாலு பேர் இல்லங்க, ஒரே ஆள். 'கடைசி பெஞ்சு'ன்னு பேர் வச்சுக்கிட்டுத் தினம் என் குரலையே பிடிச்சுத் தொங்குறான். மத்தவங்க ராணியோட நகையைக் கலாய்ப்பாங்க, அட்டைக் கோட்டையைக் கலாய்ப்பாங்க, செத்த தளபதி மூணாவது தடவையா எழுந்து வந்ததைக் கலாய்ப்பாங்க. அதெல்லாம் படிச்சு நானே விழுந்து விழுந்து சிரிப்பேன்.

— அப்ப இதையும் அப்படியே எடுத்துக்க. சும்மா ஜாலிக்குப் போடுறதும்மா. அவனுக்கு உன்னைத் தெரியவா போகுது? நடிக்கிறது வேற ஒருத்தி, நீ வெறும் டப்பிங்.

— வெறும் டப்பிங்.

— அட, வார்த்தையைப் பிடிச்சுக்காத. உன் குரலுக்கு என்ன குறைச்சல்?

— நேத்து ஸ்டுடியோவுல இருந்து கூப்பிட்டாங்க. ரசிகருங்க ரொம்பக் கிண்டல் பண்றாங்களாம். திங்கக்கிழமையில இருந்து ராணிக்கு வேற பொண்ணு பேசப்போறாளாம்.

— ஐயோ.

— ம்.

— என்னம்மா இது... சரி விடு, போனா போகட்டும். தொண்டைக்கும் ஓய்வு. சாயங்காலம் நான் வர்றப்ப நீயும் வீட்டுல இருப்ப. எல்லாம் நல்லதுக்குத்தான்.

— எனக்குக் கிடைச்ச முதல் பெரிய கேரக்டருங்க. அதுக்கு முன்னாடி கூட்டத்துல ஒருத்தியா "ஓடுங்க, ஓடுங்க"ன்னு கத்திக்கிட்டிருந்தேன்.

— தெரியும்மா, தெரியும். டீ போடட்டுமா?

— உக்காருங்க. இன்னொண்ணு இருக்கு. "ராணி அழுதா கண்ணீருக்கு முன்னாடி விக்கல் வருது. யாராவது ஒரு டம்ளர் தண்ணி குடுங்கப்பா."

— நல்லாத்தான் எழுதுறான், படவா.

— இந்த சீரியல்ல ராணி இதுவரைக்கும் அழுததே இல்லங்க. அழுற காட்சி அடுத்த வாரம்தான் டிவியில வருது.

— அப்ப ஸ்டுடியோ ஆளு எவனோதான். கூடவே இருந்து குழி பறிக்கிறான் பாரு.

— ஸ்டுடியோவுல நான் பேசினதுல விக்கலே இல்ல. அங்க வேண்டாம்னு நானே விட்டுட்டேன். அந்த விக்கல் நம்ம சமையக்கட்டுல மட்டும்தான் வந்துச்சு. கதவைச் சாத்திக்கிட்டு ஒத்திகை பார்த்தேன். எதிர்ல ஸ்டூல் போட்டு நீங்க ஒருத்தர்தான் உக்காந்திருந்தீங்க. "புல்லரிக்குதும்மா"ன்னீங்க.

— அது... வந்து...

— பேசுங்க. அந்தக் குரூப்புல அவ்வளவு பேசுறீங்களே.

— சும்மா ஜாலிக்கும்மா. சத்தியமா. உன் பேரைக்கூட நான்...

— ஒவ்வொரு காட்சியையும் உங்ககிட்டதானே முதல்ல பேசிக் காட்டினேன்? அதையே எடுத்துட்டுப் போய் ஊர் சிரிக்க வச்சிருக்கீங்க. முன்பின் தெரியாதவன் பண்ணியிருந்தா ஒரு நாள் அழுதுட்டுத் தூங்கியிருப்பேன். உங்களை நம்பிக் கெட்டேனே, அதுதாங்க ஆற மாட்டேங்குது.

— நான் என்ன பண்ணட்டும் சொல்லு? மூக்குக் கண்ணாடிக் கடையில நாள் பூரா நிக்கிறேன். வர்றவன் எல்லாம் கண்ணாடியில தன் மூஞ்சியைத்தான் பார்க்கிறான். தெரிஞ்சவன் வந்தா "ராணி வீட்டுல எப்படிப் பேசுவாங்க?"ம்பான். நான் எப்படி இருக்கேன்னு ஒருத்தன் கேக்க மாட்டான். அங்க ஒரு வரி போட்டேன், அத்தனை பேர் சிரிச்சான். மறுநாள் "தலைவா, இன்னிக்கு என்ன?"ன்னு காத்துக்கிட்டிருந்தான். என்னை யாரும்மா தலைவான்னு கூப்பிட்டிருக்கா?

— அதுக்கு நான்தான் கிடைச்சேனா?

— தப்புத்தான். தப்பேதான். இப்பவே அக்கவுண்ட்டை அழிச்சிடுறேன். போன வேலை போச்சு, நான் இருக்கேன்ல? உன்னை நான் பார்த்துக்கிறேன்.

— வேலை எங்கயும் போகல. யாரும் கூப்பிடவும் இல்ல. போச்சுன்னு சொன்னா உங்களுக்கு வலிக்குதான்னு பார்த்தேன்.