இடப்பக்கத்து சீட்

சேலம் போகும் பஸ்ஸில் ஏறிய ஒருத்தி, கணவரை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். எதிர்வரிசை அம்மாள் கேட்டார்.

“ஏனுங்க, நீங்க காத்தாட ஓரமா உக்காரலாமில்லீங்க?”

“இவருக்குக் கழுத்து எடப்பக்கமாவே திரும்பிக்குமுங்க. அதனால நான் எப்பவும் இந்தப் பக்கந்தான்.”

“சுளுக்குங்களா?”

“அப்படித்தானுங்க நெனச்சோம். லாரி ஓட்டறவரு, கண்ணாடியப் பாத்துப் பாத்துப் புடிச்சுக்கிச்சுன்னு ஒரு வருசம் சுளுக்கு வழிச்சோம். வலிதான் சாஸ்தியாச்சு. மூளை தப்பா ஏவுறதால சதை இழுக்குதுன்னு அப்பறந்தான் டாக்டரு சொன்னாரு. மூணு மாசத்துக்கு ஒருக்கா ஊசிங்க.”

“கேக்குதுங்களா?”

“நல்லாக் கேக்குதுங்க. இப்ப நேராத்தான் பாக்கறாரு.”

“அப்பறம் எதுக்கு இன்னும் இந்தப் பக்கம்?”

“என்னைப் பாக்க அவராத் திரும்பறாரான்னு தெரியோணுமில்லீங்க?”

ஜன்னல் வழியே கோழி லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்லத் திரும்பினார்.